வேலப்பன்சாவடியில் ஒரு விசில்

எண்பதுகளின் கடைசியில் என் பெருங்குடலில் புண் வந்தது. பூந்தமல்லியிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகும்போது, தினமும் வேலப்பன்சாவடியில் இறங்கி டீக்கடைக்காரரிடம் சாவி வாங்கிக்கொண்டு, கடையின் பின்பக்கக் கழிப்பறைக்கு ஓடுவேன். அதற்காகவே, ஸ்டாப்பிங் இல்லாத அந்தக் கடை வாசலில் கண்டக்டர் விசில் அடிப்பார். மந்திரிக்குக் கிடைக்கும் மரியாதை.

டாக்டர் சல்ஃபாசலசின் மாத்திரையும், கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டும் கொடுத்தார். முதலாவது சிறுநீரை ஆரஞ்சு ஜூஸ் ஆக்கியது. இரண்டாவது முகத்தை இட்லி ஆக்கியது. ஆனால் சில வாரங்களில் வயிறு அடங்கியது. இன்றைக்காவது இறங்காமல் போய்ச் சேர வேண்டும் என்ற பேராசையோடு ஒருநாள் காலை பஸ் ஏறினேன்.

வேலப்பன்சாவடியில் வழக்கம்போல விசில். வண்டி நின்றது. நான் எழவில்லை.

"இன்னா நைனா, எறங்கலியா? டீக்கடைக்காரு சாவியோட நின்னுகினு கீறாரு பாரு!" என்றார் கண்டக்டர்.

"இன்னிக்கு வேணாம்ணே. மாத்திர வேல செய்யுது."

"மெய்யாலுமா?" என்றவர், படியில் தொங்கியபடி கடையைப் பார்த்துக் கத்தினார்: "அண்ணாத்தே, சாவிய உள்ள வை! நம்மாளுக்கு சரியாப் பூடுச்சு!"

பஸ்ஸே கைதட்டியது. வெட்கப்பட்டிருக்க வேண்டும். நானோ எழுந்து நின்று, ஜெயித்த வேட்பாளர்போல எல்லாப் பக்கமும் கும்பிட்டேன். பிறகு அம்பத்தூர் வரை உட்கார்ந்தே போனேன்.