அக்காவுக்காக ஓடுகிறவர்

காலையில் அவர் கழற்றிப் போடும் பனியனை இரண்டு விரலால் தூக்கி வாளியில் அமுக்குவது அவர் மனைவியின் வேலை. அதை மற்றத் துணிகளோடு இயந்திரத்தில் போடுவதில்லை. "இதோட சேந்தா மத்ததும் எந்திரிச்சு ஓட ஆரம்பிச்சிடும்" என்பார். காலுறைகளுக்குத் தனிக் குவளை, அதில் ஒரு கரண்டி சோடா உப்பு. காலணிகள் ஜன்னல் விளிம்பில் நாக்கைத் தொங்கப்போட்டபடி காயும். இவ்வளவும் நடக்கும்போது அவர் கூடத்துத் தரையில் மல்லாந்து, இரண்டு கால்களையும் சுவரில் செங்குத்தாகச் சாய்த்துவைத்து, கைக்கடிகாரத்தை வாசித்துக்கொண்டிருப்பார்.

"இன்னிக்கு பன்னெண்டு. கிலோமீட்டருக்கு ஆறு நிமிஷம் நாப்பது செகண்டு."

குளியலறையில் குழாய்ச் சத்தம்தான் கேட்கும்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. காலை எடுங்க, சுவரெல்லாம் கறை."

தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வயது நாற்பத்தொன்பது. இரண்டு வருடங்களுக்கு முன்புவரை வீட்டிலிருந்து இருநூறு அடி தூரத்திலிருக்கும் அந்தக் கடைக்கு ஸ்கூட்டரில் போனவர். வழியில் ஒரு தரம் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொள்வார் என்றுகூட எதிர்ப்பக்கத்துத் தையல்காரர் சொல்வதுண்டு. அது தையல்காரர் சேர்த்தது. இப்போது கடையில் உட்காருவதே இல்லை. கண்ணாடிச் சட்டத்தின் திருகை முடுக்கும்போதுகூட ஒற்றைக் காலில் நின்று முடுக்குகிறார். கெண்டைக்காலுக்கு நல்லதாம்.

அவர் கடையில் கண் பரிசோதனைக்கு உட்கார்ந்தவர் லேசில் எழுந்து வந்துவிட முடியாது. கிட்டத்தில் வைத்து வாசிக்கக் கொடுக்கும் அட்டையை அவரே புதிதாக அச்சடித்திருக்கிறார். மேலே கொட்டை எழுத்தில், 'சிறுநீரக நோயாளிகளுக்காக ஓடுகிறேன்.' கீழே வர வர எழுத்து சிறுத்துக்கொண்டு போகும், விவரம் கூடிக்கொண்டு போகும். கடைசி வரி கடுகு அளவில்: 'உங்களால் இயன்றதைப் பெட்டியில் இடவும்.'

"கடைசி வரி தெரியுதா?"

தெரிகிறது என்றால் பெட்டியைக் காட்டுவார். தெரியவில்லை என்றால் கண்ணாடி விற்பார், பிறகு பெட்டியைக் காட்டுவார். தையல்காரர் ஒருநாள் எல்லா வரியையும் கடகடவென்று படித்துவிட்டுக் கடைசி வரியில் மட்டும் "மங்கலா இருக்கே" என்றார். இவர் லென்ஸ் மாற்றினார். இப்போதும் மங்கல். மூன்றாவது லென்ஸுக்கும் மங்கல்தான். "உங்க கோளாறு கண்ணுல இல்லண்ணே" என்று பெட்டியை மறுபடி உள்ளே நகர்த்திவைத்தார்.

தெரு அவருக்கு வைத்திருக்கும் பெயர் நாற்பத்திரண்டு, முழு மாரத்தானின் கிலோமீட்டர் கணக்கு. அதில் அவருக்கு வருத்தமில்லை. திருத்தம் மட்டும் உண்டு. "நாப்பத்திரண்டு இல்லீங்க. நாப்பத்திரண்டு புள்ளி ஒண்ணு ஒம்போது அஞ்சு. அந்தக் கடைசி நூத்தித் தொண்ணூத்தஞ்சு மீட்டர்லதான் மனுசன் யாருன்னு தெரியும்."

இந்த ஓட்டமெல்லாம் ஆரம்பித்தது ஒரு மருத்துவரின் மேஜைக்கு எதிரில். அவருடைய அக்கா அவரைவிட ஏழு வயது மூத்தவர், பள்ளியில் கணக்கு ஆசிரியை, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மூன்று வருடங்களுக்கு முன் இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டபோது தம்பி தயங்காமல் அழைத்துவந்து தன் வீட்டு மாடி அறையில் வைத்துக்கொண்டார். வாரத்தில் மூன்று நாள் மருத்துவமனையில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தால் அந்தத் தொல்லை விடும் என்று மருத்துவர் சொன்ன அடுத்த நொடி, "நான் குடுக்கிறேன்" என்று கையைத் தூக்கியவரும் அவர்தான். ரத்த வகை பொருந்தியது. எடை பொருந்தவில்லை. தொண்ணூற்று நான்கு கிலோ. "பத்து கிலோ குறைச்சிட்டு வாங்க, மத்த டெஸ்டெல்லாம் பாக்கலாம்" என்றார் மருத்துவர்.

மறுநாளே காலணி வாங்கிவிட்டார்.

அவர் மனைவி இந்தக் கதையைச் சொல்லும்போது கூடவே இன்னொன்றையும் சொல்வார். ரத்த வகை பார்க்க விரல் நுனியில் குத்தியதற்கே அன்று நாற்காலியோடு சரிந்துவிட்டாராம். நர்ஸும் வாசல் காவலாளியும் சேர்ந்து தூக்கினார்களாம். "காலைல சாப்பிடாம போயிட்டேன்" என்று அவர் உடனே குறுக்கிடுவார். "நாலு இட்டிலி" என்று சொல்ல வந்ததுபோல மனைவி நான்கு விரல்களைக் காட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

எட்டே மாதத்தில் பத்து கிலோ இறங்கியது. அவர் ஓட்டத்தை நிறுத்தவில்லை. அதற்குள் சிறுநீரக நோயாளிகள் சங்கத்தார் அவரைக் கண்டுபிடித்திருந்தார்கள். அரை மாரத்தான் ஓடி நிதி திரட்டித் தர முடியுமா என்று கேட்டார்கள். முடித்துவிட்டு டெஸ்டுக்குப் போகிறேன் என்றார். திரட்டிய நிதியில் மருத்துவமனைக்கு எடை பார்க்கும் நாற்காலி ஒன்று வந்தது. முதுகுப் பலகையில் அவர் கடைப் பெயர் பொறித்த தகடு. ஒவ்வொரு தரமும் சிகிச்சைப் படுக்கைக்குப் போகுமுன் அக்கா அதில்தான் உட்கார்ந்து எடை பார்க்க வேண்டும். "தம்பி முதுகைத் தாங்குறான்" என்று நர்ஸிடம் சொல்வாராம். கணக்கு டீச்சர் சொல்வது பாராட்டா வேறா என்பது நர்ஸுக்கு விளங்குவதில்லை.

அரை முடிந்ததும் முழுசு வந்தது. முழுசுக்கு ஒரு வருடப் பயிற்சி. "நடுவுல டெஸ்டு, ஆபரேஷன்னு போனா உடம்பு கலைஞ்சிடும். இது முடியட்டும்." அவர் இதைச் சொல்லும்போது முகத்தில் கள்ளம் இருக்காது. பயிற்சி அட்டவணையைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறார். செவ்வாய் வேக ஓட்டம், வியாழன் மிதம், சனி நீண்ட ஓட்டம். அதன் பக்கத்திலேயே அக்காவின் மருத்துவமனை அட்டை. செவ்வாய், வியாழன், சனி. ஆகவே அந்த மூன்று நாளும் வாடகைக் காரில் அக்காவை அழைத்துப்போவது மனைவி. பனியன் வாளியில் ஊறி மத்தியானம்வரை காத்திருக்கும்.

மேடு பள்ளமில்லாத ஒரே சாலை மருத்துவமனைச் சாலை என்பதால் அவர் அதில்தான் ஓடுவார். வீட்டிலிருந்து மருத்துவமனை வாசல் சரியாக ஆறு கிலோமீட்டர். வாசலில் இருக்கும் இரும்புக் கம்பத்தைக் கையால் தொட்டுவிட்டுத் திரும்புவார். தொடாமல் திரும்பினால் கணக்கில் சேராதாம். சனிக்கிழமைகளில் இப்படி இரண்டு தரம், மூன்று தரம். சில நாள் அக்காவின் கார் சிக்னலில் நிற்கும்போது பக்கத்தில் வந்துவிடுவார். கட்டை விரலை உயர்த்திக் காட்டுவார். அக்காவும் உயர்த்துவார். பச்சை விழுந்ததும் கார் வாசலுக்குள் திரும்பும். அவர் கம்பத்தைத் தொட்டுவிட்டு வீட்டுப் பக்கம் திரும்புவார்.

சாப்பாட்டு மேஜையில் அவருக்கு எதிரே எப்போதும் இரண்டு லிட்டர் பாட்டில். மணிக்கு அரை லிட்டர் குடிக்க வேண்டும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார். "நீங்க தண்ணியே குடிக்கிறதில்ல, அதான் எல்லாப் பிரச்சினையும்." எதிரே அக்கா உட்கார்ந்திருப்பார். அவருக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான்; அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் மனைவி ஊற்றிவைப்பது. தாகம் தாங்காவிட்டால் ஒரு ஐஸ் துண்டை வாயில் ஒதுக்கிக்கொள்வார். வாழைப்பழமும் அக்காவுக்கு ஆகாது. தம்பி நாளைக்கு ஆறு சாப்பிடுகிறார். ஒருநாள் அக்கா குவளையையும் பாட்டிலையும் பார்த்துவிட்டு, "ரெண்டையும் சேத்துப் பாத்தா வீட்டுச் சராசரி சரியாத்தான்டா இருக்கு" என்றார். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் தம்பி.

பாசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சிகிச்சை முடிந்து வரும் அக்காவுக்குக் குளிர் எடுத்தால் உள்ளங்காலைத் தேய்த்துவிடுவது அவர்தான். படி ஏற முடியாத நாட்களில் தோளில் சாய்த்து மாடிக்குக் கூட்டிப்போவதும் அவர்தான். இரண்டு மாதங்களுக்கு முன் அக்காவின் இடது கையில் ஊசி குத்தும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு, வலது கைக்கு மாற்ற அறுவை நடந்தது. அன்று இவர் கடையைப் பூட்டிவிட்டு ஓடிவந்தார். உள்ளே போகவில்லை. "அந்த மருந்து வாடை எனக்கு ஆகாது" என்றார். இரண்டரை மணி நேரம் மருத்துவமனை மதிலைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடிகாரம் அதைப் பதினேழு கிலோமீட்டர் என்று குறித்துக்கொண்டது.

அன்று வெளியே வந்த மருத்துவர் இவர் மனைவியிடம்தான் பேசினார். இந்தக் கையும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது. தருகிற ஆள் தயாராக இருக்கும்போது எதற்குத் தள்ளிப்போடுகிறீர்கள்? மனைவி அதை அப்படியே வீட்டில் ஒப்பித்தார்.

"பத்து கிலோ கேட்டாங்க, பதினாறு குறைச்சாச்சு. இன்னும் குறைச்சீங்கன்னா எடுக்கிறதுக்கு உள்ள எதுவும் இருக்காது."

"எட்டு வாரம்தான். ஓடி முடிச்சிடுறேன்."

ஓடி முடித்தார். போன ஞாயிற்றுக்கிழமை, ஐந்து மணி பன்னிரண்டு நிமிடத்தில். தெருவிலிருந்து பாதிப் பேர் போயிருந்தோம். தையல்காரர் கடைசியில் பெட்டியில் போட்டதோடு, 'நாற்பத்திரண்டு' என்று துணியில் தைத்துக் கொடியும் கொண்டுவந்திருந்தார். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் ஒரு பெண் ஒலிவாங்கியை நீட்டினாள்.

"சார், யாருக்காக ஓடினீங்க?"

"எங்க அக்காவுக்காக" என்றார். உண்மையாகவே அழுதார். கூட்டம் கைதட்டியது. மனைவி தட்டவில்லை. ஒரு கையில் துண்டும் அவருடைய மாற்றுக் காலணியும், மறுகையில் வாழைப்பழத் தோலும் வைத்திருந்தார்.

மறுநாள் சாயங்காலம் என் மகளின் கணக்கு நோட்டோடு அக்காவைப் பார்க்க மாடிக்குப் போயிருந்தேன். மாடி அறைக்குக் கதவு கிடையாது. கீழேயிருந்து வரும் படிக்கட்டு நேராக அறைத் தரையில்தான் வந்து முடியும். மனைவி கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். அவர் பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஏறிவந்தார். கால் பெருவிரல் நகம் கறுத்திருந்தது. அக்கா பதக்கத்தை வாங்கிப் பின்பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் கழுத்திலேயே போட்டுவிட்டார்.

"சங்கத்துலேர்ந்து போன் பண்ணினாங்கக்கா. மலைப் பாதையில ஒண்ணு வருதாம். அம்பது கிலோமீட்டர். இந்தத் தடவை ரத்தம் சுத்தம் பண்ற மிஷினே வாங்கிடலாம்ங்கிறாங்க."

மனைவியின் கை மடிப்பில் நின்றது. அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, இங்க பாரு. வீட்டுலயே ஆள் இருக்குன்னு எழுதிக் குடுத்திருக்கோம். அதனால வெளியிலேர்ந்து கிடைக்கிறதுக்கான பட்டியல்ல என் பேரு இல்ல. இன்னிக்குச் சேத்தா அஞ்சு வருசம் ஆகும்ங்கிறாங்க. ரெண்டு வருசம் முன்னாடியே சேத்திருந்தா இப்ப மூணு இருக்கும்."

அவர் பதக்கத்தின் நாடாவை விரலில் சுற்றினார்.

"உன்னைக் குத்தம் சொல்லலடா. பயமா இருந்தா பயம்னு சொல்லு, நான் நாளைக்கே பேரைக் குடுத்திடுறேன். குடுக்கிறேன்னா நாளைக்கே டெஸ்டுக்குப் போலாம், நானும் கூட வரேன். ரெண்டுல ஒண்ணு சொல்லு. ரெண்டுமே எனக்குச் சம்மதம்."

நாடா முழுவதும் சுற்றி முடிந்தது. அவிழ்த்தார். மறுபடி சுற்றினார். நான் என் மகளின் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள்.

"சொல்லுடா."

அவர் எழுந்தார். முழு மாரத்தான் ஓடியவர்களுக்கு மறுநாள் ஏறுவதில் அவ்வளவு கஷ்டமில்லை, இறங்குவதுதான். தொடை உடம்பைத் தாங்காது, திரும்பி நின்று பின்பக்கமாகத்தான் இறங்க வேண்டும். படிக்கட்டின் மேல் முனைக்குப் போய் எங்கள் பக்கம் திரும்பினார். இரண்டு கைகளாலும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒரு காலைக் கீழே வைத்தார். அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது படியிலும் அவர் முகம் அக்காவுக்கு நேராகத்தான் இருந்தது.

மூன்றாவது படியில் கண்களை மூடிக்கொண்டார். தலை தரைக்குக் கீழே மறைகிறவரை திறக்கவில்லை. அடுத்த படியை ஒவ்வொன்றாகக் காலால் துழாவித் துழாவி இறங்கினார்.