குளம்பு இல்லாத கழுதைப்புலி

அம்மாவுக்கென்று சொந்தமாக ஏழு வெள்ளாடுகள் இருந்தன. அப்பாவின் பலசரக்குக் கடையில் அம்மா வாயைத் திறக்கக் கூடாது. ஆட்டு விஷயத்தில் அப்பா வாயைத் திறக்கக் கூடாது. இப்படி ஒரு பாகப்பிரிவினை எங்கள் வீட்டில் ரொம்ப நாளாக நடந்துகொண்டிருந்தது. ஆனால் அம்மா ஒரு நாள்கூட ஆடு மேய்த்தவள் இல்லை. பரளச்சிக் கண்மாய்க்கு அந்தப் பக்கம் குடியிருந்த ஒரு அக்காவிடம் வாரத்துக்கு விட்டிருந்தாள். ஆடு அம்மாவுடையது, மேய்ப்பும் கொட்டிலும் அந்த அக்காவுடையது, பிறக்கிற குட்டியில் ஆளுக்குப் பாதி. எழுத்துக் கிடையாது, சாட்சி கிடையாது. ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆடு செத்தாலோ நரி தூக்கினாலோ காதையாவது தோலையாவது கொண்டுவந்து காட்ட வேண்டும். காட்டினால் நஷ்டம் அம்மாவுக்கு. காட்டாவிட்டால், ஆட்டை விற்றுவிட்டாள் என்று அர்த்தம்.

நான் அப்போது பியூசி முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். மேலே படிக்க அனுப்புவதா வேண்டாமா என்று பெரியவர்கள் யோசித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் யோசித்து முடிக்கும்வரை எனக்கு வேலையே இல்லை. தவளையை அறுத்துப் பார்த்தவள், நுண்ணோக்கியில் கண் வைத்தவள் என்று ஊரில் ஒரு பெயர் மட்டும் இருந்தது. பல்லி விழுந்த பாலைக் குடிக்கலாமா என்று என்னிடம் வந்து கேட்பார்கள். தெரியாது என்று நான் ஒரு தடவையும் சொன்னதில்லை.

அந்த மாசம் பந்தல்குடிக்கு வெளியே, தூத்துக்குடி ரோட்டோரப் பொட்டலில் ஒரு மிருகக் காட்சி வந்து இறங்கியிருந்தது. கூடாரம் ஒன்று, கூண்டு ஆறு. ஞாயிற்றுக்கிழமை அத்தையும் நானும் போனோம். அத்தை எங்கள் அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். எங்கே கூட்டம் என்றாலும் முதல் ஆளாகச் செருப்பை மாட்டுகிறவள். வாசலில் பெரிய தட்டி கட்டியிருந்தார்கள். அதில் கழுதைப்புலி. கழுதை உடம்பு, புலி மூஞ்சி, உடம்பெல்லாம் வரி, நாலு காலிலும் கறுத்த குளம்பு. பின்னங்காலால் ஒருத்தனை உதைத்துக்கொண்டே வாயால் இன்னொருத்தனைக் கவ்வியிருந்தது. உள்ளே போனால் கிழட்டுச் சிறுத்தை, கரடி, மலைப்பாம்பு, குரங்குகள். கழுதைப்புலிக் கூண்டை மட்டும் படுதா போட்டு மூடியிருந்தார்கள்.

"அதுக்கு ஒடம்பு சரியில்ல. வெளிச்சம் ஆகாது" என்றான் டிக்கெட் கிழித்தவன்.

"அதப் பாக்கத்தானய்யா பஸ்ஸேறி வந்தோம்" என்றாள் அத்தை.

"தட்டியில இருக்குல்ல, நல்லாப் பாத்துக்கங்க."

அதே படம் போட்ட நோட்டீஸ் ஒன்றை வாங்கி வந்து எங்கள் கடைச் சுவரில் நானே ஒட்டினேன்.

செவ்வாய்க்கிழமை வெயில் ஏறின பிறகு ஆட்டுக்கார அக்கா வந்தாள். கடை முன்னால் நாலைந்து பெண்கள் சாமானுக்கு நின்றார்கள். அவள் யாரையும் பார்க்காமல் அம்மாவிடம் நேராக வந்தாள்.

"அக்கா, செவலையக் காணோம்."

செவலை அம்மாவுக்குப் பிரியமான ஆடு. ரெண்டு ஈத்தும் ரெட்டைக் குட்டி போட்டது.

"காணோமா, செத்துப்போச்சா?" என்றாள் அம்மா.

"நேத்துப் பொழுது மசங்குற நேரம் ஒண்ணு வந்து கவ்விட்டுப் போயிருச்சு. நாயின்னு நெனச்சேன், நாயில்ல. முன்னாடி ஒசரம், பின்னாடி தாழ்வு. இடுப்பொடிஞ்சது கணக்கா நடந்துச்சு. மேலெல்லாம் கோடு."

"காது எங்க?"

"விடிஞ்சதுலருந்து தேடுறேன். ஒரு எலும்புகூடக் கெடைக்கலக்கா. ஓடை வரைக்கும் இழுத்த தடம் இருக்கு, அங்கன ரத்தம் கெடக்கு, அவ்வளவுதான்."

"நரி தின்னா மிச்சம் வைக்கும். நாய் தின்னா மிச்சம் வைக்கும். மனுஷந்தான் மிச்சம் வைக்க மாட்டான்" என்றாள் உளுந்து வாங்க வந்த ஒருத்தி, சும்மா கடைக்குள் பார்த்துச் சொல்வது மாதிரி.

மூடின கூண்டு. கோடு போட்ட மிருகம். நான் பேச்சுக்குள் புகுந்துவிட்டேன்.

"கழுத்துல பிடரி மயிர் இருந்துச்சா?"

"ஆமா பாப்பா. குதிரைக்குக் கணக்காச் சிலுத்துக்கிட்டு நின்னுச்சு."

"காது?"

"நீட்டமா, கூரா."

அப்படியானால் கழுதைப்புலிதான். கூண்டை உடைத்துக்கொண்டு வந்திருக்கிறது. ஊரிலேயே இதை முதலில் கண்டுபிடித்தவள் நான். கடைசியாக ஒன்றைக் கேட்டு முடித்துவிடலாம் என்று, "கால்ல குளம்பு பாத்தீகளா?" என்றேன்.

"குளம்பா? நாய்க்கால் மாதிரி விரலும் நகமுமாத்தான் இருந்துச்சு. ஓடையில தடம் கெடக்கு."

நான் சுவரிலிருந்த நோட்டீஸைப் பார்த்தேன். எல்லாரும் பார்த்தார்கள். குளம்பின் மேல் விரலை வைத்தேன்.

"கழுதைப்புலிக்குக் குளம்புதான் இருக்கும். நீங்க பாத்தது அது இல்ல" என்றேன். நன்றாகச் சத்தமாகவே சொன்னேன்.

"பியூசி படிச்ச புள்ள சொல்லுது. பொறகென்ன?"

"நாய்க்காலுன்னா நாய்தான். ரெண்டு கால் நாயா நாலு கால் நாயான்னு அதச் சொல்லுத்தா."

சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. "வெள்ளிக்கெழம காலையில ஆட்டயெல்லாம் ஓட்டியாந்து விட்டுரு" என்றாள். அடுத்த மாசம் மூன்று ஆடு ஈனும். அந்தக் குட்டியில் பங்கு கிடையாது என்பதை அம்மா தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வீட்டு ஆட்டைத் திருடினாள் என்று பேச்சாகிவிட்டால் இன்னொரு வீட்டில் ஆடு தரமாட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டியதில்லை. நிலம் இல்லாத அந்த அக்காவுக்கு வேறு பிழைப்புக் கிடையாது.

அவள் என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"நீங்க அதப் பாத்திருக்கீகளா பாப்பா?"

"படம் பாத்தேன்" என்றேன்.

அவள் போய்விட்டாள்.

ஒரு நாள் முழுக்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் கடை வாசலைக் கூட்டும்போதுதான் அந்த நோட்டீஸ் கண்ணில் உறுத்தியது. அந்த அக்கா பேசும்போது அதற்கு ஒரு முழம் தள்ளித்தான் நின்றாள். எழுத்துத் தெரியாவிட்டால் என்ன, படம் தெரியும். நான் குளம்பைக் கேட்டபோது ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் போதும், 'ஆமா, குளம்பு இருந்துச்சு' என்று சொல்லியிருக்கலாம். மொத்தக் கடையும் நம்பியிருக்கும். பொய் சொல்ல வந்தவள், பக்கத்திலேயே தொங்கும் பொய்யை எடுத்துக்கொள்ளாமல் எதற்காக நாய்க்காலைச் சொல்கிறாள்?

அத்தையிடம் சொன்னேன். "இம்புட்டு யோசிக்கிறவ செவ்வாக்கெழமயே யோசிச்சிருக்கலாம்ல" என்றாள். ஆனால் வியாழக்கிழமை அவள்தான் முதலில் செருப்பை மாட்டினாள். அம்மாவிடம், "மதினி, இவளுக்கு வளையல் வாங்கப் போறோம்" என்றாள். அம்மா என் கையையும் அத்தை மூஞ்சியையும் மாறி மாறிப் பார்த்தாள், விட்டுவிட்டாள்.

பந்தல்குடிப் பொட்டலில் கூட்டம் குறைந்திருந்தது. கூண்டின் மேல் படுதா அப்படியே கிடந்தது. கிட்டப் போய் மூக்கை நீட்டிப் பார்த்தேன். சிறுத்தைக் கூண்டில் ஈ மொய்த்தது. இதில் ஒரு ஈ இல்லை. டிக்கெட் கிழிக்கிறவன் ஓடிவந்தான்.

உங்கள் மிருகம் தப்பித்துவிட்டதா என்று கேட்டால் இல்லை என்பான். பஸ்ஸில் வரும்போதே அதை யோசித்து வைத்திருந்தேன். அதனால் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

"என்னங்க, தட்டியில குளம்பு போட்டுருக்கீங்க. அதுக்குக் குளம்பே கெடையாதாமே. ஊர ஏமாத்துறீங்களா?" என்றேன்.

அவனுக்கு இந்தப் புகார் பழசு போலிருக்கிறது. முகம் தெளிந்துவிட்டது. "அத ஏன்மா கேக்குறீங்க. வரைஞ்சவன் கழுதைப்புலிய எங்க கண்டான்? பேரச் சொன்னோம், பேருக்குத் தக்கன வரைஞ்சுட்டான். அதுக்கு நாய்க்கால் மாதிரித்தான் இருக்கும். இப்பத் திருத்துனா சனம் வராது. யாரு சொன்னா உங்களுக்கு?"

"பாத்தவுக சொன்னாக."

"எங்க பாத்தாக?"

சொல்லி முடித்ததுமே அவன் வாயை மூடிக்கொண்டான். அத்தை என் தோளைத் தட்டினாள்.

"கூண்டுக்குள்ள கெடக்குறத எங்க பாத்தாகன்னு கேக்குறான் பாரு" என்றாள். "ஏம்ப்பா, இந்தா படுதாவுக்குப் பின்னால பாத்தாகன்னு சொல்லட்டுமா?"

அவன் எங்களைக் கூடாரத்துக்குப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனான். சனிக்கிழமை கூண்டைக் கழுவினபோது தாழ்ப்பாள் சரியாக விழவில்லையாம். நாலு ஆள் சைக்கிளில் தேடுகிறார்களாம். போலீஸுக்குத் தெரிந்தால் காட்சியையே மூடிவிடுவார்களாம். "ஆள ஒண்ணும் செய்யாதும்மா. பயந்த சாதி. எலும்பக்கூட விடாமத் தின்னுரும், அதான் அதோட கெட்ட கொணம். அதனாலயே அது போடுறது சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளையா இருக்கும். எங்க ஆளுக அத வச்சுத்தான் தேடுறாங்க." வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் கடைக்கு வந்து எல்லார் முன்னாலும் சொல்வதாக ஒத்துக்கொண்டான். சத்தியம்கூடச் செய்தான்.

"இவன் வர மாட்டான்" என்றாள் அத்தை பஸ்ஸில்.

எனக்கும் அதே சந்தேகம். வீட்டில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வளையல் எங்கே என்று கேட்டுவிட்டு, "அதுக்கு நாய்க்கால்னு தெரியுது. சரி. என் ஆட்டத் தின்னுச்சுன்னு எங்க தெரியுது?" என்றாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் நானும் அத்தையும் கண்மாய்க்கு அந்தப் பக்கம் போனோம். அந்த அக்கா ஆட்டையெல்லாம் கயிற்றில் பிணைத்துக்கொண்டிருந்தாள். நான் வந்த காரணத்தைச் சொன்னபோது அவள் சந்தோஷப்படவில்லை. இன்னொரு தடவை என்னை எதிலே மாட்டிவிட வந்திருக்கிறாய் என்கிற மாதிரி பார்த்தாள். பிறகு ஓடையோரமாக, சீமைக் கருவேலுக்குள் கூட்டிப் போனாள். தடம் காய்ந்து விளிம்பு உதிர்ந்து கிடந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி, வெள்ளையாக நாலைந்து கட்டி.

"நீங்களே பொறுக்குங்க பாப்பா" என்றாள். "நான் தொட்டா, நானே கொண்டாந்து போட்டதும்பாக."

பொறுக்கினேன். கல்லில் வைத்து உடைத்தேன். சுண்ணாம்பு மாதிரியே பொடிந்தது. உள்ளே எலும்புச் சில்லும் மயிரும். செவலை மயிர்.

கடைத் தாளில் பொட்டலம் கட்டிக்கொண்டு திரும்பினேன். பின்னால் அக்கா ஆறு ஆட்டையும் ஓட்டிக்கொண்டு வந்தாள். பந்தல்குடியிலிருந்து வந்த முதல் பஸ்ஸில் கண்டக்டர் அண்ணன் சொல்லிவிட்டார்: பொட்டல் காலியாம், லோடு ஏற்றிக்கொண்டு ராத்திரியே எல்லாம் போய்விட்டதாம். அவன் செய்த சத்தியமும் லாரியில் ஏறிப் போய்விட்டது.

பொட்டலத்தைக் கடைப் பலகையில் பிரித்தேன். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். செவ்வாய்க்கிழமை நின்ற பெண்களில் மூன்று பேர் அன்றைக்கும் இருந்தார்கள்.

"படிக்கப் போடாமப் பீயப் பொறுக்க விட்டுட்டாக புள்ளய."

"நான் அன்னிக்குச் சொன்னது தப்பு" என்றேன். "கழுதைப்புலிக்குக் குளம்பு கெடையாது. இவுக சொன்னதுதான் நெசம்."

"இந்தாம்மா, படத்துலயே போட்டுருக்கு. கம்பெனிக்காரனுக்குத் தெரியாதா அவன் மிருகத்துக்குக் கால் எப்படின்னு?" என்றாள் உளுந்துக்காரி. "குட்டியில உனக்கும் பங்குண்டாக்கும்?"

நான் செவ்வாய்க்கிழமை ஒரே வாக்கியத்தில் செய்ததை இப்போது பத்து வாக்கியத்தில் அழிக்க முடியவில்லை. அவர்கள் நம்பவே இல்லை. காட்சிக்காரன் போய்விட்டதுகூட எனக்குத்தான் பாதகமாக முடிந்தது. எவனும் வரமாட்டான் என்று தெரிந்துதான் அவன் பேரைச் சொல்கிறாள் என்றார்கள். நோட்டீஸைக் கிழித்தேன். அதற்கும், பார்த்தாயா, சாட்சியைக் கிழிக்கிறாள் என்றார்கள்.

அம்மா பொட்டலத்திலிருந்து ரெண்டு மயிரை எடுத்து வாசல் வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். மோந்துகூடப் பார்த்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து, "ஆட்ட ஓட்டிக்கிட்டுப் போ" என்றாள்.

"எல்லாத்தயுமாக்கா?"

"எல்லாத்தயுந்தான்."

அந்தக் கழுதைப்புலி என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. திருச்சுழிப் பக்கம் பார்த்ததாக ஒருத்தர் சொன்னார்; குளம்போடு பார்த்ததாகச் சொன்னதால் நான் நம்பவில்லை.

ஆடுகள் ஈன்று, குட்டிகள் பால் மறந்தபின் பங்கு பிரிக்கும் நாள் வந்தது. ஐந்து குட்டி. ஆட்டுக்குச் சொந்தக்காரர் முதலில் ஒன்றைப் பிடிப்பார், அப்புறம் மேய்த்தவர், அப்படி மாறி மாறி. ஒன்று மிஞ்சினால் அடுத்த ஈத்துக்குக் கணக்கு. அம்மா வாசலில் நின்றுகொண்டு, "நீ பிடி மொதல்ல" என்றாள்.

வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொல்வாள் என்று அம்மா எதிர்பார்த்திருப்பாள். அவள் சொல்லவில்லை. குட்டிகளுக்கு நடுவே நேராகப் போய், இருந்ததிலேயே வாட்டசாட்டமான பெட்டைக் குட்டியைத் தூக்கிக்கொண்டாள். அம்மாவின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. எனக்குக் கேட்கிற அளவில், "பாத்தியா, கண்ணு நேரா எங்க போகுதுன்னு" என்றாள். ஆனால் கையை நீட்டித் தடுக்கவில்லை. தன் பங்குக்கு அடுத்ததைப் பிடித்தாள்.

போகும்போது அந்த அக்கா எங்கள் கடை வாசலிலேயே ஆடுகளை நிறுத்தி, ஒன்று, ரெண்டு என்று சத்தமாக எண்ணினாள். முன்பெல்லாம் எண்ண மாட்டாள். அம்மா உள்ளே போவதுபோலப் போய், கதவுக்குப் பின்னால் நின்று கூடவே எண்ணிக்கொண்டிருந்தாள்.