நாற்பது வீட்டுக்கும் நான் எழுதிய படிவம்

போன மழைக்காலத்தில் எங்கள் பிளாக்குக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒரகடத்தில் முதல் ஷிஃப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, கீழ்த்தளத்தில் தேங்கியிருந்த முழங்கால் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்தபடி நான் வந்துகொண்டிருந்தேன். புயலுக்குப் பிறகு கடற்கரையிலிருந்து இங்கே குடிவந்தவர்களின் கருத்தைக் கேட்டுப் பதிவு செய்கிறோம் என்றார்கள் சிரித்த முகத்தோடு. பதில் சொல்லாமல் மாடி ஏறிவிட்டேன். மரியாதை தெரியாத பெண் என்று நினைத்திருப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும். கருத்துக் கேட்டவர்களுக்கு நான் ஒருமுறை பதில் எழுதியிருக்கிறேன். ஒரு வீட்டுக்கு அல்ல, நாற்பது வீட்டுக்கு.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. சென்னையில், ஆறு கடலில் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில் எங்கள் தெரு. அந்த வருடம் அடித்த புயலில் எங்கள் வீட்டுக் கூரையிலிருந்து இரண்டு தகரம் பறந்தது. மறுநாளே அப்பாவும் மாமாவும் தெருக்கோடியில் அவற்றைக் கண்டுபிடித்து, தட்டி நிமிர்த்தி, திரும்ப அடித்து மேலே கல்லை வைத்தார்கள். மூன்றாம் நாள் அம்மா அன்னக்கூடையை எடுத்துக்கொண்டு மீன் வாங்கக் கிளம்பிவிட்டாள். தெருத்தெருவாகப் போய் மீன் விற்பது அவள் தொழில். கரண்ட்தான் பல நாள் வரவில்லை. தண்ணீர் லாரிக்கு அடிதடி. அதையெல்லாம் யாரும் கேட்கவில்லை.

அம்மாவின் தம்பியான என் மாமா, நிவாரணக் கணக்கெடுப்பில் பழம் தின்று கொட்டை போட்டவர். நாம் சொல்வதில் பாதியைத்தான் எழுதுவான், எழுதியதில் பாதிதான் மேலே போகும், அங்கிருந்து பாதிதான் கீழே வரும் என்பது அவர் கண்டறிந்த உண்மை. ஆகவே முழங்கால் தண்ணீரைக் கழுத்து மட்டும் என்று சொன்னால்தான் வீட்டுக்கு ஒரு பாயாவது வந்து சேரும். தெருவே இப்படித்தான் ஒவ்வொரு மழைக்கும் சொல்லி வந்தது. இதைப் பொய் என்று முகம் சுளிப்பவர்கள் ஒரு வாரம் ஈரத்தரையில் படுத்துப் பார்க்கட்டும். உள்ளதை உள்ளபடி சொன்னவனுக்கு ஒன்றும் கிடைக்காது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே கணக்கெடுக்க வந்தவர்கள்தான்.

இந்தமுறை கழுத்தில் அட்டை மாட்டிய இரண்டு அக்காக்கள் வந்து வீட்டுக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். சாயங்காலம் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போனார்கள். மாமா எல்லாவற்றையும் வாங்கி அடுக்கி, ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்து என்னை அதன் முன்னால் உட்கார வைத்தார்.

“மூணாவது இன்னா கேக்குறான்?”

“இந்த வீட்டில் தொடர்ந்து வசிக்க முடியுமான்னு கேக்குறாங்க மாமா.”

“முடியவே முடியாதுன்னு போடு.”

“பாதுகாப்பான இடம் கொடுத்தால் போக விருப்பமான்னு கீது.”

“எங்க வேணா போறோம், எங்க உசுர காப்பாத்துங்கன்னு எழுது. அப்பதான் அவனுக்கு மனசு எளகும்.”

எழுதினேன். வசிக்கவே முடியாத அந்த வீட்டின் உள்ளே சங்கரா மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா எட்டிப் பார்த்து, “கொயந்தய வச்சிகினு இன்னாடா எழுதினு கீற?” என்று கேட்டாள். “அரிசிக்குத்தாங்க்கா” என்றார் மாமா. அம்மாவுக்குத் தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து எழுதிக்கொடுத்தாள். மாமா கைநாட்டு வைத்தார், மற்ற வீட்டுக்காரர்களும் வந்து வைத்தார்கள். நாற்பதையும் முடித்தபோது எனக்கு விரல் வலித்தது. ஆனாலும் ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. கூலியாக மாமா ஒரு கோன் ஐஸ் வாங்கித் தந்தார்.

அரிசி வரவில்லை. பாயும் வரவில்லை. அடுத்த ஆடி மாதத்தில் லாரிகள் வந்தன. நீங்கள் கேட்டபடியே வீடு தயார் என்றார்கள். அப்பா அப்போது விசைப்படகில் கடலுக்குப் போயிருந்தார், திரும்ப ஒரு வாரம் ஆகும். போய்ப் பாருங்கள், பிடித்தால் சாவி வாங்குங்கள், இல்லாவிட்டால் இதே லாரியில் திரும்பிவிடலாம் என்று சொல்லிச் சட்டிபானையோடு எங்களை ஏற்றினார்கள்.

வந்து இறங்கிய இடம்தான் இது. கண்ணுக்கு எட்டிய தூரம் கம்பெனிச் சுவர்கள், நடுவில் வரிசையாக நான்கு மாடி பிளாக்குகள். அம்மா வீட்டைப் பார்க்கவே இல்லை. லாரி டிரைவரிடம், இங்கிருந்து மீன்பிடித் துறைமுகத்துக்கு எத்தனை பஸ் மாற வேண்டும் என்று கேட்டாள். மூன்று என்றார் அவர். மூன்று பஸ் மாறி வரும் மீனை யார் வாங்குவார்கள்?

மேஜை போட்டு ஓர் அதிகாரி சாவியோடு உட்கார்ந்திருந்தார். முதலில் மாமாவைக் கூப்பிட்டார். எனக்கு வேண்டாம் என்றார் மாமா. அதிகாரி படிவத்தை எடுத்துக் காட்டினார்.

“எனக்குப் படிக்கத் தெரியாது சார். கைநாட்டு வைன்னாங்க, வச்சேன். யாரு எழுதினாங்களோ, இன்னா எழுதினாங்களோ” என்று மாமா கையை விரித்தார்.

இன்னும் மூன்று குடும்பங்கள் அதையே சொல்லிவிட்டு லாரியில் ஏறி உட்கார்ந்துகொண்டன. மாமா இன்றைக்கும் அங்கே பக்கத்துக் குப்பத்தில் வாடகைக்கு இருக்கிறார், கடலுக்குப் போகிறார். பழைய தெரு மட்டும் இல்லை. அந்த இடத்தில் பதினாறு மாடிக் கட்டடம் நிற்கிறது. படுக்கை அறையிலிருந்தே கடல் தெரியும் என்று விளம்பரம் செய்கிறார்கள். மனிதர் வசிக்க முடியாத இடம் என்று நான் எழுதிக் கொடுத்தது அதே மண்ணைப் பற்றித்தான். மீன்காரியைப் பறக்கடிக்கிற புயல் பதினாறாவது மாடியில் இருப்பவனிடம் அனுமதி கேட்டுவிட்டா வரும்?

அடுத்து அம்மாவின் முறை. எனக்கும் வேண்டாம் சார், கடல் இல்லாத ஊரில் நான் என்ன செய்வேன் என்றாள். அதிகாரிக்குக் கோபம் வந்துவிட்டது. படிவக் கட்டை எடுத்து மேஜைமேல் போட்டார்.

“நாற்பதும் ஒரே கையெழுத்து. எல்லாரும் தெரியாது தெரியாதுன்னா, எவனோ ஒருத்தன் பொய்யா எழுதி ஏமாத்தியிருக்கான். யாருன்னு சொல்லும்மா. போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டு உன்னை அனுப்புறேன்.”

போலீஸ் என்ற சொல் என் காதில் விழுந்ததாக நினைவில்லை. மேஜையில் கிடந்த தாள்கள்தான் கண்ணில் பட்டன. அத்தனை பேர் நடுவில் என் எழுத்து. கையை உயர்த்திக்கொண்டு முன்னால் போய், “நான்தான் சார் எழுதினேன், எல்லாமே நான்தான்” என்றேன்.

மாமா லாரியில் தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். அம்மா சட்டென்று என்னை இழுத்துத் தன் பின்னால் விட்டுக்கொண்டாள்.

“பொய்யில்ல சார். நான் சொல்லித்தான் கொயந்த எழுதுச்சு. அங்க இருக்க முடியாதுதான். சாவியக் குடுங்க.”

பெயரை எழுதிச் சாவியை வாங்கினாள். அதற்குப் பிறகு அவள் மீன் விற்கவில்லை. இப்போது ஒரு கம்பெனி கேன்டீனில் தட்டு கழுவுகிறாள். அந்தப் படிவத்தைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது? நம் எழுத்துக்கே ஒரு வீடு கொடுத்துவிட்டார்கள் என்ற சந்தோஷத்தில் சாவியை அம்மா கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஓடினேன். கதவைத் திறந்தேன், குழாயைத் திறந்து பார்த்தேன், ஜன்னலைத் திறந்தேன். அம்மா வரவில்லை. எட்டிப் பார்த்தால் முதல் மாடிப் படியிலேயே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படி ஏறிப் பழக்கமில்லை, மூச்சு வாங்குகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, “சீக்கிரம் வாம்மா, தண்ணி வருது” என்று கத்தினேன்.