கழற்றி வைத்த கார்டு

இது நடந்தது. கிழமைதான் எனக்குச் சரியாக நினைவில்லை. தஹ்சீன் என்னிடம் மூன்று முறை சொல்லியிருக்கிறாள். செவ்வாய் என்றாளா, வியாழன் என்றாளா... இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நேரம் மட்டும் ஒரு முறைகூட மாறவில்லை. மாலை நாலு மணி பன்னிரண்டு நிமிடம்.

திண்டுக்கல் பேகம்பூரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவள் தஹ்சீன். கேம் ஆடுகிறவர்கள் அவளைத் தேடித்தான் வருவார்கள். சித்தையன்கோட்டைப் பாண்டியராஜின் மெஷினில், பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்றை அவள்தான் வாங்கிப் போட்டாள். இருபது நிமிடம் ஓட்டிப் பார்த்தாள். நன்றாக ஓடியது. கார்டின் மூடியைத் திறந்து பார்க்கவில்லை.

ஆறாம் நாள் அவன் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"தெனமும் நாலு பன்னெண்டுக்குக் கேம் நின்னுபோகுதுக்கா. மத்த நேரம் ஒண்ணுமில்ல."

"ரூம் சூடா இருக்கும் தம்பி."

"மழை பேஞ்ச அன்னைக்கும் நின்னுச்சே. சூடு கொடை புடிச்சுட்டா வந்துச்சு?" ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தான். "சாயங்காலத்துக்குள்ள என்னன்னு சொல்லிருங்க. இல்லேன்னா ஓட்டச் சரக்கைத் தலையில கட்டிட்டீங்கன்னு நம்ம கேம் வாட்ஸ்அப் குரூப்புல போட்டுருவேன்."

அவள் கடைக்கு வருகிற அத்தனை பேரும் அந்தக் குரூப்பில் இருந்தார்கள். போட்டால், அன்றோடு அவள் பேர் போனது.

2.05. மெமரியைக் கழற்றி, அதன் விளிம்பிலிருந்த உலோகப் பல்வரிசையை ரப்பரால் தேய்த்து மாட்டினாள். 2.40. பவர் சப்ளையை மாற்றினாள். கேம் ஓடியது. கார்டின் சூடு அறுபத்தெட்டு டிகிரி. அது பெரிய சூடில்லை.

3.20. மெஷினின் கடிகாரத்தை 4.11க்குத் தள்ளிவைத்துக் காத்திருந்தாள். திரையில் 4.12 வந்தது. 4.13 வந்தது. கேம் நிற்கவில்லை.

"அப்ப மெஷினுக்கு மணி தெரியல," என்றான் பாண்டியராஜ். "வேற எதுக்கோ தெரியுது."

மிச்சம் இருந்தது கார்டுதான். அதைக் கழற்றி, நான்கு திருகாணிகளை எடுத்து மூடியைத் திறந்தாள்.

நாற்றம் முதலில் வந்தது. பேகம்பூர்க்காரிக்குத் தோல் பதனிடும் தொட்டி நாற்றம் புதிதல்ல. இது அதுவல்ல. இனிப்பும் அழுகலும் கலந்து தொண்டையில் ஒட்டியது. விசிறி இறக்கைகளில் மஞ்சள் பிசுக்கு, ஆறிப்போன சட்டியில் உறைந்த கொழுப்பு மாதிரி. உள்ளே தகடுகளுக்கு நடுவே சீரகம் போல ஏதோ அடைந்திருந்தது. பழுப்பாக. பொள்ளலாக.

வழக்கம்போல வாயால் ஊதினாள்.

தூசி திரும்பி அவள் முகத்தில் அடித்தது. பழுப்பு ஓடு ஒன்று உதட்டில் ஒட்டி, நாக்குக்குப் போனது. உப்புக் கரித்தது... கொழுத்த ருசி. துப்பினாள். வாயை மூன்று முறை கொப்பளித்தாள். ருசி போகவில்லை.

3.58. ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தாள். துடைத்த இடத்தில் பிசுக்கு மறுபடி கசிந்தது. கார்டைச் செய்தித்தாளின் மேல் வைத்துவிட்டுக் கையை எடுத்தாள்.

"டீ சொல்லவா தம்பி?"

"வேணாம்க்கா. இந்த நாத்தத்துல எறங்காது."

4.12.

டிக்.

கார்டின் விசிறி அரை வட்டம் திரும்பியது.

நின்றது.

பிறகு சுற்ற ஆரம்பித்தது. செய்தித்தாளின் ஓரம் படபடத்தது. வெதுவெதுப்பான காற்று... அதே நாற்றம்.

"அக்கா... ஒயர் எங்க?"

ஒயர் இல்லை.

பாண்டியராஜின் கழுத்தில் மாட்டியிருந்த ஹெட்செட்டின் ஒயர் சும்மா தொங்கியது. ஹெட்செட்டுக்குள்ளிருந்து, வறண்ட குரலில்...

"தண்ணி..."

4.13. விசிறி நின்றது.

மறுநாள், தனக்கு அந்தக் கார்டை விற்றிருந்த பழைய சாமான்காரர் பொன்னழகைப் பிடித்தாள் தஹ்சீன். அவர் சின்னாளப்பட்டியில், அதை எடுத்து வந்த வீட்டைக் காட்டினார். கீழ்வீட்டு ஜோஸ்பின்தான் சொன்னாள்.

"மாடியில ஒரு தம்பி தனியா இருந்துச்சு. பதினோரு நாளு ராவும் பகலும் கேம் சத்தம். நடுநடுவுல தண்ணி, தண்ணின்னு பேச்சு. கேமுல யார்கிட்டயோ பேசுதுன்னு இருந்துட்டேன். நாத்தம் வரவும், எலி செத்திருக்கும்னு படியில பினாயில் ஊத்தினேன். கடைசி நாளு கரண்டு போச்சு, கொஞ்ச நேரத்துல இன்வெர்ட்டரும் நின்னுச்சு. மணி பாத்தேன், சாயங்காலம் நாலு பன்னெண்டு. பேச்சும் அதோட நின்னுச்சு. அப்பறந்தான் போயிக் கதவத் தட்டுனேன்."

அறையெல்லாம் ஈ, தரையெல்லாம் சீரகம் போல ஈப்புழுவின் காய்ந்த ஓடு. மெஷினின் முன்னால் நாற்காலியில் அவன். அந்தப் பதினோரு நாளில் முதல் நாளே அவன் செத்துவிட்டான் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தாராம்.

பதினோரு நாளும் அந்த அறையின் காற்றை உள்ளிழுத்தபடி கார்டு சுற்றியிருக்கிறது. தஹ்சீன் அந்த வாசலிலேயே உட்கார்ந்து வாந்தியெடுத்தாள்.

பாண்டியராஜ் குரூப்பில் எதுவும் போடவில்லை. கேமை விட்டுவிட்டு அப்பாவின் தென்னந்தோப்பைப் பார்க்கிறான். ஜோஸ்பின் வீட்டைக் காலி செய்துவிட்டாள். தஹ்சீன் கார்டைச் சுத்தியலால் நொறுக்கிப் புதைத்தாள். அவள் கடை இருக்கிறது. பழைய பாகம் வாங்குவதில்லை. கறி அவள் தொண்டையில் இறங்குவதில்லை.

பொன்னழகு வியாபாரத்தில்தான் இருக்கிறார். செத்தவனுடைய மெஷினின் மெமரி, பவர் சப்ளை, நான்கு விசிறிகள் எல்லாவற்றையும் தனித்தனியாக விற்றுவிட்டாராம். யாருக்கு என்று தஹ்சீன் கேட்டாள். நினைவில்லை என்றார்.