மழை தேங்குகிற பக்கம்

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில் ஏனோக்கிடம் ஐந்து நிமிடம் பேசினால் போதும், முப்பத்துமூன்று வருட சர்வீஸில் தான் செய்த ஒரு பீஸ்கூட ரிஜெக்ட் ஆனதில்லை என்பது காதில் விழுந்துவிடும். மண்வாரி இயந்திரத் தொழிற்சாலையில் தகடு வேலை பார்த்தவர். அவர் ரிட்டயர் ஆகியும் அந்தப் பெருமை ரிட்டயர் ஆகவில்லை. பக்கத்து வீட்டு மேக்ஸ்வெல்லுக்கு அது மனப்பாடம்.

மகள் சில்வியாவுக்குப் பெங்களூரில் வேலை. அவளும் கணவன் அனிலும் கொச்சியில் ஒரு சின்னப் பாய்மரப் படகு வாங்கி, லட்சத்தீவு வரை போய்வரக் கிளம்பினார்கள். கடலையே நாலு தடவைதான் பார்த்த ஏனோக்குக்கு அன்றிலிருந்து அதே நினைப்பு. ஃபைபர் படகு கப்பல் ரேடாரில் சரியாகத் தெரியாது, தெரியாமல் கப்பல் மேலே ஏறிவிட்டால் கப்பல்காரனுக்குச் சத்தம்கூடக் கேட்காது என்று எங்கோ படித்துவிட்டார். ரேடார் அலையைத் திருப்பியடிக்கும் தகட்டுக் கூடு ஒன்றைத் தன் கையாலேயே செய்து தருவதாகச் சொன்னார்.

மூன்று அலுமினியத் தகடுகள், ஒன்றையொன்று செங்கோணத்தில் வெட்டி நிற்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் அலை வந்த வழியே திரும்பாது. ஒன்பது நாள் மூலைமட்டமும் கையுமாக உட்கார்ந்தார். பாய்மரத்தில் தொங்கவிட உச்சி முனையில் ஒரு துளையும் போட்டார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சில்வியா வந்து பார்த்தாள்.

"இன்னா டாடி, முனையில ஓட்டை போட்டுக்கிறீங்க?"

"முனையில மாட்டித் தொங்கவிட்டாத்தான் மழைத்தண்ணி நிக்காம வழிஞ்சிடும்மா."

"தண்ணி நிக்கிற மாதிரிதான் தொங்கணும் டாடி. தகடு மூணும் சேர்ற குழி ஒண்ணு நேரா மேல பாக்கணும். அப்பத்தான் எல்லாப் பக்கமும் நல்லாத் தெரியும். இப்டி மாட்டினா சில பக்கத்துலருந்து பாத்தா நாங்க இருக்கிறதே தெரியாது."

ஏனோக்குக்குச் சுருக்கென்றது. "எனக்கே வேலை கத்துத் தர்றியா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாப்பிடவும் வரவில்லை. கோபமெல்லாம் தன்மேல்தான். எந்தத் தகட்டிலும் தண்ணீர் தேங்கவிடாத கை, பெற்ற பெண்ணின் உயிர் தொங்குகிற தகட்டிலும் பழக்கதோஷத்தில் அதையே செய்திருந்தது.

விடிந்ததும், பழைய துளை இல்லாத பக்கமாக ஒரு குழியைச் சுற்றி மூன்று முனைகளில் துளை போட்டுக் கம்பி கட்டினார். அவசரத்தில் யாரும் தப்பாக மாட்டிவிடக் கூடாது என்று பழைய துளையை ரிவெட் அடித்து மூடினார். கொண்டுபோய் மகளின் காரில் வைத்தார்.

ஐந்தாம் நாள் லட்சத்தீவின் கவரத்தியிலிருந்து போன் வந்தது.

"டாடி, மழை மூட்டத்துல ஒரு சரக்குக் கப்பல். காம்பஸ் வெச்சுப் பாத்துக்கினே இருந்தோம். அது தெரிஞ்ச திசை மாறவே இல்ல, கிட்ட மட்டும் வந்துக்கினே இருந்துச்சி. அப்டின்னா மோதப்போதுன்னு அர்த்தம். ரேடியோல கூப்புட்டோம். நாலு மைலுக்கு முன்னாடியே உங்கள ரேடார்ல பாத்துட்டேன், திரும்பிக்கினுதான் இருக்கேன்னான் கப்பல்காரன்."

ஏனோக், "சாப்ட்டியாமா?" என்று மட்டும் கேட்டார்.

போனை வைத்துவிட்டு நேராக மேக்ஸ்வெல் வீட்டுக்குப் போனார். கண் கலங்கியிருந்தது.

"மேக்ஸ்வெல், நான் செஞ்ச பீஸ் ஒண்ணு ரிஜெக்ட் ஆயிடிச்சிப்பா," என்றார். "எம் பொண்ணுதான் பண்ணா. நல்லா இருக்கட்டும்."