வர்த்தான் வரைந்த கார் கதவு

வர்த்தானைப் பிடிக்காது என்று சொல்ல எங்கள் கும்பலில் ஒருவர்கூடக் கிடையாது. அதுதான் எனக்கு இன்றும் வயிற்றெரிச்சல்.

நாங்கள் லாஸ் ஏஞ்சலஸ் ஆட்கள். தெருச் சுவரிலும் ஸ்கேட் பலகையிலும் மண்டையோடு, பல்லிளிக்கும் பிசாசு, நெருப்புக் கக்கும் கார் என்று வரைந்து தள்ளுகிறவர்கள். பெரிய ஓவியக் கேலரிகளில் எங்களை வாசல்படி மிதிக்க விடமாட்டார்கள். வர்த்தான் ஐம்பது வயதில் எங்களோடு வந்து சேர்ந்த ஆர்மீனியர். பெயின்டர் வேலை என்றார். வீடுகளுக்கு அடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டோம். கிடைத்த நேரத்தில் எல்லாம் பழைய கார் ஒன்றின் கதவில் ஒற்றைக் கண் குண்டுக் குழந்தையை வரைந்துகொண்டிருந்தார். ஒரு வருடம் இழுத்தது. பார்த்தால் நமக்கே பொறாமையாக இருக்கும்.

மூடிக்கிடந்த டயர் கடையைப் பிடித்து, எல்லோர் படங்களையும் சேர்த்துக் கண்காட்சி வைத்தோம். அந்தக் கதவையும் சுவரில் மாட்டினோம். அவர் படம் ஒன்று சுவரேறியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. மனைவி சிரானுஷ் முடியைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, திராட்சை இலையில் சோறும் கறியும் வைத்துச் சுருட்டிய டோல்மாவைத் தட்டு நிறைய எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"யோவ் கிழவா, அந்தக் கோட்டு யார் கல்யாணத்துக்கு வாங்கினது?" என்றேன்.

"என் கல்யாணத்துக்குத்தான். பட்டன் மட்டும் போட மாட்டேங்குது," என்று வயிற்றைத் தட்டினார்.

அந்த நேரம் பார்த்து அவருடைய மேஸ்திரி உள்ளே வந்தான். வர்த்தானே கூப்பிட்டிருக்கிறார், பாவி மனுஷன். மேஸ்திரி அவர் தோளில் கைபோட்டு ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னான்: "நகராட்சிக்காகச் சுவர் கிறுக்கலை அழிக்கிறதுல இவரை அடிச்சுக்க எங்ககிட்ட ஆளே இல்ல. ஃபர்ஸ்ட் ஸ்ட்ரீட் பூரா இவர் ஒருத்தரே சாம்பல் பெயின்ட் பூசிட்டாரு."

அந்தத் தெருவில்தான் என் தம்பி எஃப்ரேனின் முகமும் பெயரும் இருந்தன. அவன் சுடப்பட்டுச் செத்த இடத்தில் நானே வரைந்தது. செத்தவர் பெயர் உள்ள சுவர்மேல் எங்களில் எவனும் வண்ணம் போட மாட்டான். எதிரிக் கும்பல்கூடத் தொடாது. ஒருநாள் காலையில் மெழுகுவர்த்தியோடு போனால், வெறும் சாம்பல் சுவர்.

"எஃப்ரேன் சுவரும் நீதானா?"

வர்த்தான் மழுப்பவில்லை. "நான்தான், சேலா. பேரைப் படிச்சிட்டுத்தான் அடிச்சேன். அப்ப உன்னைத் தெரியாது."

"தெரிஞ்சப்புறம்?"

"சொல்ல வாய் வரல."

ஒரு வருடம் என் கையால் காபி வாங்கிக் குடித்த மனிதர். எனக்கு வெறி வந்துவிட்டது. ஆணி ஓட்டைகளை மறைக்க நாங்கள் வைத்திருந்த வெள்ளைப் பெயின்ட் வாளி மூலையில் இருந்தது. ரோலரை முக்கி எடுத்து, குண்டுக் குழந்தையின் முகத்தில் ஒரே இழுப்பு இழுத்தேன். சிரானுஷ் வாயைப் பொத்திக்கொண்டாள். மேஸ்திரி பேயறைந்தவன் மாதிரி நின்றான். யாரும் தடுக்கவில்லை, வர்த்தானும் தடுக்கவில்லை. கண் போயிற்று, வயிறு போயிற்று. கை ஓய்ந்து நின்றேன்.

வர்த்தான் பக்கத்தில் வந்தார்.

"கீழ மூலையில விட்டுட்ட," என்றார். "குடு."

ரோலரை வாங்கி, மிச்சமிருந்த இரண்டு குட்டிக் கால்களின்மேலும் நிதானமாக, திட்டுத் தெரியாமல் அவரே அடித்து முடித்தார். என் தம்பியின் சுவரும் இப்படித்தான் சுத்தமாக இருந்தது.

"இப்ப சரியா, சேலா?"

நக்கல் இல்லை. நிஜமாகவே கேட்டார்.