நாற்பது நிமிட ரசிகன்

சனிக்கிழமை காலை. தட்டில் தோசை ஆறிப்போய்க் கிடக்கிறது. என் மகள் நித்யா போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பழைய வீடியோ கேம் ஒன்றை அவளுடைய கம்பெனி புதிதாகச் செய்து வெளியிட்டிருக்கிறது. மூன்று வாரம் ஆகிறது... விற்பனை படுத்துவிட்டது. செவ்வாய்க்கிழமை மீட்டிங். அவள் டீம் இருக்குமா, கலைந்துவிடுமா என்று அன்று தெரிந்துவிடும்.

நானே நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு எப்படி இருக்கும்?

அந்தப் பழைய கேமை இதே சைனிக்புரி வீட்டில் நாங்கள் சேர்ந்து ஆடியிருக்கிறோம். அப்போது அவள் மூன்றாம் வகுப்பு. கேமில் ஒரு கோட்டை, கோட்டையில் ஓர் இரும்புக் கதவு. என்ன செய்தாலும் திறக்காது. உள்ளே யானை இருக்கிறது என்பாள் அவள். புதையல் என்பேன் நான். ஒரு லீவு முழுக்க அந்தச் சண்டைதான்.

புதிய கேமில் கதவைத் திறந்துவிட்டார்கள். ரசிகர்கள் வருடக்கணக்காகக் கேட்டது அதைத்தானே? (சத்தமாகக் கேட்டவர்களில் நானும் உண்டு.) உள்ளே ஒரு மண்டபம் — நித்யா மாதக்கணக்கில் உட்கார்ந்து வடிவமைத்தது. பழைய ரசிகர்கள், ‘இவ்வளவுதானா?’ என்கிறார்கள். புதியவர்களோ, ‘ஒரு கதவுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?’ என்கிறார்கள். யாருக்கென்று செய்வது?

“எனக்கு ரொம்பப் பிடிச்சதும்மா. முழுசா ஆடி முடிச்சேன்” என்றேன், ஆறுதலாக.

போனை என் பக்கம் திருப்பினாள். ஆடியவர்கள் பட்டியலில் என் பெயர். பக்கத்தில், நான் ஆடிய நேரம் — நாற்பது நிமிடம்.

“பொய் நக்கோப்பா, வேணாம். எல்லாம் எனக்குத் தெரியும். நீங்களே பாதில விட்டா, வேற யார் ஆடுவாங்க? போர் அடிச்சுதா?”

வெட்கமாக இருந்தது.

“இல்லம்மா. கதவு வரைக்கும் போனேன். திறந்து பார்த்து, உள்ள யானை இல்லேன்னா...”

போனைக் கீழே வைத்தாள்.

“நிறைய பேர் அங்கதான் நிறுத்தியிருக்காங்க. ஏன்னு டீம்ல யாருக்கும் புரியல” என்றாள். பிறகு தோசையைப் பிய்த்தாள். “உள்ள போய்ப் பாருங்கப்பா.”

ரசிகர்களை நம்பிப் பழசைத் தூசு தட்டுகிறவர்கள் எங்களைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது. கேட்கும்போது உயிரை விடுவோம். கொடுத்தால், உட்கார்ந்து பார்க்கத் தைரியம் இருக்காது.

இன்று திங்கள். காலையிலேயே உட்கார்ந்து கதவைத் திறந்துவிட்டேன். மண்டபத்தின் மூலைச் சுவரில், ஒரு குழந்தைக்குக் கையெட்டும் உயரத்தில், சாக்பீஸால் கிறுக்கிய மாதிரி ஒரு சின்ன யானை.

மூன்று வாரத்துக்கு முன்பே பார்த்திருக்க வேண்டியது... நாளை செவ்வாய்.